ஐந்து பேர் ஏறிய லிப்ட்

மாலை நான்கு மணிக்கு லிப்ட் மெக்கானிக்கின் மனைவிக்குக் கண் கட்டைப் பிரிப்பதாக இருந்தது. புரை விழுந்து வருஷக்கணக்காக மங்கிப்போன கண்கள்; இப்போதுதான் ஒன்றுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. "பிரிச்சதும் முதல்ல உங்களைத்தான் பாக்கணும், வந்துடுவீங்கல்ல?" என்று கேட்டிருந்தாள். அவரும் பெரிய மனிதர் மாதிரி தலையாட்டிவிட்டார்.

லிப்ட் ஓடும்வரை மெக்கானிக்கை யாரும் தேடமாட்டார்கள். கிளம்பலாம் என்று பையை மூடும்போது போன் வந்தது. ஏழு மாடிக் கட்டடம், லிப்ட் நடுவழியில் நிற்கிறது, உள்ளே ஐந்து பேர். அனுப்ப வேறு ஆள் இல்லை. கொஞ்ச நேர வேலைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனார். லிப்டைப் பார்க்க வருகிறவன் படியேறித்தான் போகவேண்டும், அந்தத் தொழிலின் தலையெழுத்து அது. மொட்டைமாடி மோட்டார் அறையை எட்டுவதற்குள் முழங்கால் கெஞ்சியது.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பிரேக்கைக் கையால் திறந்தார். கம்பிக்கயிற்றின் ஒரு பக்கம் பெட்டி, மறுபக்கம் இரும்பு எடை. ஆள் குறைவென்றால் பெட்டி தானாக மேலே போகும், அதிகமென்றால் கீழே இறங்கும். பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து ஏதாவதொரு மாடிக்கு நேராக நிறுத்துவது அவர் வழக்கம். இன்று பெட்டி இம்மியும் அசையவில்லை.

பிரேக் இறுகிவிட்டது என்று அவராகவே முடிவு கட்டினார். ஸ்பிரிங்கைப் பார்த்தார், எண்ணெய் விட்டார், திட்டினார், மறுபடி எண்ணெய் விட்டார். நான்கு மணி அவர் கண்முன்னே தாண்டிப் போயிற்று. கயிறு இறங்கும் துளை வழியாக, கீழே பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் சலிப்போடு கேட்டது: "நாங்க அஞ்சு பேரும் கொஞ்சம் குண்டுங்க, அதனாலயா?"

அவருக்குச் சுருக்கென்றது. பத்துப் பேருக்கான லிப்ட். எதிர்ப்பக்கத்து எடையைப் பெட்டியோடு பாதிச் சுமைக்கு, அதாவது ஐந்து பேருக்கு, சமமாகத்தான் வைப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே இழுப்பு. பிரேக் திறந்தும் பெட்டிக்குப் போக்கிடம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் படித்த பாடம், அசதியில் மறந்துபோயிருந்தது. பிரேக்கைத் திறந்து பிடித்தபடி மோட்டார் சக்கரத்தைச் சுற்றினார். முதலில் நகர்த்தத்தான் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது. பிறகு உரசலுக்கு ஈடாகத் தள்ளினால் போதும், பெட்டி ஒரே சீராக வந்தது. ஒற்றைக் கையால் முடிகிற வேலைக்கு ஒரு மணி நேரம். அவருக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் முறைத்தாள். கட்டைப் பிரித்து வெகுநேரம் ஆயிற்றாம், அந்தம்மா கண்ணைத் திறக்கவே மாட்டேனென்று உட்கார்ந்திருக்கிறாராம். பெஞ்சில் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டிருந்தாள் அவள். அவர் எதிரே போய் நின்று தொண்டையைச் செருமினார்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள், நெடுநேரம். நெற்றியை, நரையை, கன்னத்து எண்ணெய்க் கறையை.

"எப்பங்க இவ்வளவு கிழவரானீங்க?"

"இன்னிக்குத்தான்," என்றார் அவர். "வர்ற வழியில."