லமினேட் செய்யப்பட்ட பதினொரு நாணய உறைகள்

நெல்லியடியில் அந்தப் போட்டோக் கொப்பிக் கடையைக் கடக்கும்போது இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, கொடுத்ததைச் செய்தார். ஆனாலும் அவருடைய லமினேட் மெசினைத் தூக்கிக் கொண்டுபோய்க் கடலில் போட வேண்டும் போலத்தான் இருக்கும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டிலிருந்து சட்டை தைக்கிறேன். அண்ணை கப்பலில் வேலை பார்த்தவர். மற்றவர்களின் அண்ணன்மார் சென்ற் போத்தலும் சொக்கிலேற்றும் கொண்டுவந்தபோது என்னுடையவர் ஒரு கடித உறையைக் கொண்டுவந்தார். ஏதோ துறைமுகத்தில், பழைய சாமான் கடையில் வாங்கினாராம். உறையில் ஒட்டிய தபால் முத்திரை. முத்திரையின் மேல் தபால் கந்தோர்ச் சீல். பக்கத்தில் வட்டமாக வெட்டிய சன்னல், அதற்குள் யார் கையும் படாத ஒரு நாணயம். மூன்றும் ஒரே விஷயத்துக்காக ஒரே நாளில் வெளியிட்டவை. இதற்கு நாணய உறை என்று பெயர் என்பதுகூட எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதன் பிறகு கிடைத்தபோதெல்லாம் ஒன்று, இரண்டு என்று வந்து பதினெட்டு வருஷத்தில் பன்னிரண்டு சேர்ந்துவிட்டது. உள்ளே இருக்கும் ஆங்கிலத் துண்டை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எந்தப் பாலத்துக்கு, எந்தப் பறவைக்கு என்று கண்டுபிடித்துக் கொப்பியில் எழுதிவைப்பேன். ஒரு துண்டை முடிக்க ஒரு கிழமை போகும்.

யாழ்ப்பாண ரவுணில் பழைய நாணயமும் முத்திரையும் வாங்கி விற்கிற நானா ஒருவர் இருக்கிறார். தொண்ணூறாம் ஆண்டில் மற்ற முஸ்லிம் சனத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, பல வருஷம் கழித்துத் திரும்பிவந்து அதே தெருவில் கடை போட்டவர். பெறுமதி பார்ப்பது எப்படி என்று அவரிடம்தான் கேட்டேன்.

“முத்திரையைத் தனிய வைச்சால் முத்திரை, காசைத் தனிய வைச்சால் காசு. எல்லாம் ஒண்டா, கைபடாமல் இருக்கிறதுக்குத்தான் தங்கச்சி பெறுமதி. அந்தச் சன்னலைத் திறந்தீங்களோ, பிறகு என்னட்டைக் கொண்டுவராதீங்கோ” என்றார்.

சேகரிப்பாளர்கள் ரவுணில் ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்றும், அதில் என் உறைகளை வைக்க எனக்கும் ஒரு பலகை கேட்டு வாங்கியிருப்பதாகவும் சொன்னவர் அவர்தான். டாக்குத்தர்மாரும் பள்ளிக்கூட அதிபர்மாரும் தங்கள் சேகரிப்பை அடுக்குகிற மண்டபத்தில் என் பெயருக்கு ஒரு பலகை. வரும் வழியில் பஸ்ஸுக்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று தொடங்கியது பயம். எங்கள் வீடு கடற்கரையோடு. உப்புக்காற்றில் பூட்டே துருப்பிடிக்கும், கடதாசி எம்மாத்திரம்? சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை ஊரெல்லாம் கேட்டு வாங்கி அடுக்கினேன். புத்தகப் பூச்சி வந்ததோ என்று ஒரு நாளில் நாலு தரம் பெட்டியைத் திறப்பேன். திறந்தால் உப்புக்காற்று உள்ளே போகுமே என்று உடனே மூடுவேன். இதையெல்லாம் என் மனுசனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் கடற்தொழில் செய்கிறவர். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு “ம்” என்பார்.

கண்காட்சிக்கு ஒரு கிழமை இருக்க, ஒரு உறையின் ஓரத்தில் மண்ணிறப் புள்ளியொன்றைக் கண்டேன். அதை மட்டும் எடுத்துக்கொண்டு நானாவிடம் ஓடினேன். ஒன்றுமில்லை, பழைய பசை என்றார். மத்தியானம் திரும்பி வந்தால் மனுசன் வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

“இஞ்சை வா. உன்ரை கவலை இண்டையோடை முடிஞ்சுது.”

மேசையில் பதினொரு உறைகளும் பளபளவென்று விறைத்துக் கிடந்தன. லமினேட். சன்னல் இருந்த இடங்களில் வெறும் ஓட்டை. பக்கத்தில் ஒரு பொலித்தீன் பைக்குள் நாணயங்கள் எல்லாம் ஒன்றாகக் கட்டிக் கிடந்தன.

“காசோடை மெசினுக்குள்ளை போகாதாம். அதாலை கழட்டிப்போட்டுத்தான் செய்தது. பயப்பிடாதை, ஒண்டும் துலையேல்லை” என்றார்.

“ஆர் உங்களைக் கேட்டது?”

“நீதானே ஈரம் ஈரம் எண்டு என்ரை செவியைத் திண்டனீ! இனிக் கிணத்துக்குள்ளை போட்டாலும் ஒண்டும் செய்யாது.”

எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் எதையும் லமினேட் செய்துதான் வைப்போம். அடையாள அட்டை, வள்ளத்தின் அனுமதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், மாமியின் கிளினிக் துண்டு வரைக்கும். சண்டைக் காலத்தில் படையினருக்குப் பாஸ் காட்டிக் கடலுக்குப் போனபோது, நனைந்து எழுத்தழிந்த ஒரு துண்டுக்காக இந்த மனுசனை வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு கடதாசி பெறுமதியானது என்றால் அவருக்குத் தெரிந்த மரியாதை அதுதான். எனக்கு இது எல்லாம் விளங்குகிறது. விளங்கினால் கோபம் ஆற வேண்டும் என்று யார் சொன்னது?

“உங்கடை வலையை நான் கேளாமல் வெட்டினால் விடுவியளோ?”

“வலையும் உதுவும் ஒண்டோ?”

அவர் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிச் சொன்னார். என் பதினெட்டு வருஷத்தை அந்த ஒரு சொல்லில் தூக்கி வெளியே வைத்துவிட்டார். அன்று நான் சமைக்கவில்லை.

அடுத்த நாள் இரண்டு பேருமாக நானாவின் கடைக்குப் போனோம். நானா ஒரு உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“உரிச்செடுக்கேலாதோ நானா?” என்று மனுசன் கேட்டார்.

“உரிச்சால் முத்திரையின்ரை தோலும் சேர்ந்து வரும். வாழைப்பழமே அது?”

“அப்ப காசுகள்?”

“ஒண்டோடை ஒண்டு உரஞ்சிக் கீறிப்போட்டுது. கடைக்காரற்றை விரலடையாளமும் கிடக்கு. செலவழிக்கலாம், அந்தந்த நாட்டுக்குப் போனால்.”

மனுசன் தலையைக் குனிந்துகொண்டார். நானா என் பக்கம் திரும்பி மெதுவாக, “பலகைக்கு வேறை ஆக்களும் கேட்டுக்கொண்டிருக்கினம் தங்கச்சி. குடுத்துவிடட்டோ?” என்றார்.

“குடுக்க வேண்டாம்” என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “என்ரை பலகை எனக்கு வேணும்.”

தப்பின ஒன்றைப் பலகையின் நடுவில் வைத்தேன். சுற்றிவரப் பதினொரு லமினேட் உறைகள், ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய நாணயம். எந்தக் காசு எந்த உறைக்கு என்று கொப்பியைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். கீழே என் கையெழுத்தில் எழுதினேன்: நடுவில் இருப்பது நாணய உறை. மற்றவை நாணய உறைகளாக இருந்தவை. கேளாமல் லமினேட் செய்யப்பட்டன. நாணயத்தை உறையிலிருந்து எடுக்க வேண்டாம்.

கண்காட்சி அன்று மனுசன் வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வந்தார். ஆனால் என் பலகைக்குக் கிட்ட வரவில்லை. வாசலோடு நின்றார். ரீச்சர் போல இருந்த ஒரு அம்மா நான் எழுதியதை இரண்டு தரம் வாசித்தார். “ஐயோ, ஆர் பிள்ளை உந்த வேலை செய்தது?” என்று கேட்டார்.

“அந்தா, வெள்ளைச் சேட்டோடை நிக்கிறார்” என்று கையை நீட்டிக் காட்டினேன்.

அந்த அம்மாவோடு சேர்ந்து பக்கத்தில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மனுசன் மேலே மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார். எனக்குக் கொஞ்சமும் பாவமாக இருக்கவில்லை. அடுத்து வந்தவர் கேட்டபோதும் காட்டினேன்.