வட்டியில்லாமல் வந்த எருமை

சூலூரில் புது வீடு கட்டி முடித்தபோது கொத்தனாருக்கும் மரக்கடைக்கும் பாக்கி நின்றது. என் சகலை கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கித்தான் மாடி எடுத்திருந்தார். அந்த மாடியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவர் ஏறிய படியில் நானும் ஏறுவதா? வட்டியே வேண்டாமென்ற ஒரு பண்ணைக்காரரிடம் வீட்டை அடமானம் பேசினேன்.

பத்திரம் எழுதும் அன்று காலை அவர் சம்சாரம் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். என் மனைவி ஓடி வந்தாள்.

"ஏனுங்க, அந்தம்மா எருமை கட்ட எடம் பாக்கறாங்க!"

விசாரித்தால், அது போக்கியமாம். வட்டிக்குப் பதிலாக, கடன் தீரும்வரை அவர்கள்தான் எங்கள் வீட்டில் குடியிருப்பார்களாம்!

அடமானப் பேச்சை முறித்துப்போட்டுச் சங்கத்துக்கே போனேன். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் சகலைதான். "மொதல்லயே சொல்லியிருந்தா நானே கூட்டீட்டு வந்திருப்பனுங்களே" என்றார். அதற்கும் வயிறு எரிந்தது.

இப்போதெல்லாம் வட்டி வேண்டாமென்பவரிடம், பதிலுக்கு என்ன வேண்டுமென்று முதலில் கேட்டுவிடுகிறேன். சந்தைக்குப் போவது மட்டும் சகலையின் மாடி தெரியாத தெரு வழியாகத்தான்.