கயிற்றைப் பிடித்த கை

என் மகளுக்கு அப்போது பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. மூன்று மாதமாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை என்றால் மிகை. இறங்கினாள், குளியலறை வரைக்கும். பள்ளிக்கூடம் நின்றது. சிநேகிதிகளோடு போன் நின்றது. தலை வாருவதும் நின்றது. சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். அழவும் இல்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஏதாவது ஒரு பிடி கிடைத்திருக்கும்.

காரைக்காலில் எங்கள் தெருவுக்குக் கொஞ்சம் வாய் அதிகம். கண்ணேறு என்றார் ஒருவர். இன்னொருவர் ஓதி ஊதிய தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடிக்க வைத்தேன், அதில் ஒன்றும் குறையில்லை. "பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறா" என்று சொன்ன பக்கத்து வீட்டு ராத்தாவை மட்டும் அன்றைக்கு டீ கொடுக்காமல் அனுப்பினேன்.

கடைசியில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் அவளிடம் நெடுநேரம் தனியாகப் பேசினார். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார். என் மகள் தரையைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று சொன்னாள். "விடியவே வேணாம்னு இருக்கு உம்மா. தெனமும்."

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மனச்சோர்வு என்றார் மருத்துவர். வாரந்தோறும் வந்து பேச வேண்டும், கூடவே உடற்பயிற்சியும் வேண்டும் என்றார். "நடக்கட்டும், ஓடட்டும், எதுவா இருந்தாலும் சரி. மூச்சு வாங்கணும், வேர்க்கணும். விடாம செய்யணும். இதையும் ஒரு மருந்துன்னு நெனச்சுக்கங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து நிற்கவே தெம்பில்லாத பிள்ளையை ஓடச் சொல்கிறாரே! எங்கள் வீடுகளில் உடம்புக்கு முடியவில்லை என்றால் படுக்க வைத்து, கஞ்சியும் கோழிச்சாறும் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு வருவோம். நானும் மூன்று மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அவளுடைய வாப்பா துபாயில் இருக்கிறார். வளைகுடாவில் இருக்கிற மனிதர்களுக்கு எந்தக் கவலைக்கும் ஒரே பரிகாரம்தான், ஒரு பொருளை அனுப்பிவிடுவது. போனில் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த வாரமே வாசலில் ஒரு டிரெட்மில் வந்து இறங்கியது. அவள் அதில் ஒரே ஒரு நாள் நடந்தாள். "செவுத்தப் பாத்து நடக்குறதுக்கு, செவுத்தப் பாத்துப் படுத்தே இருக்கலாம் உம்மா" என்றாள். பேச்சில் நியாயம் இருந்தது. அதற்கப்புறம் என் புர்காக்கள் டிரெட்மில்லின் மேல்தான் காய்ந்தன.

அதன் பிறகுதான் கடற்கரை. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு அவளைக் கிளப்புவேன். கிளப்புவது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். போர்வையை இழுப்பது, கெஞ்சுவது, கத்துவது, மறுபடி கெஞ்சுவது எல்லாம் அதில் அடக்கம். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். டவுன் பீச்சில் நடக்கிறவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள், ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். அதனால் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கருக்களாச்சேரிப் பக்கம் போவேன். மணலில் நான் முன்னால், அவள் பின்னால். பேச்சே கிடையாது. பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி மனதுக்குள் படைத்தவனோடு சண்டை போடுவேன்.

ஒரு நாள் அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகில் கொண்டுபோய்க் கடலுக்குள் வளைத்துப் போட்ட பெரிய வலை அது. அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். கயிற்றை இடுப்போடு அணைத்துப் பின்பக்கமாகவே நடப்பார்கள். கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு ஓடிப்போய் முதல் ஆளாகப் பிடிப்பார். அன்று ஒரு பக்கம் ஆள் குறைவு. சேலையை வரிந்து கட்டியிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து, "வேடிக்கதான் பாப்பீங்களா? ஒரு கை புடிங்களேன்!" என்று சத்தம் போட்டார்.

"அவளுக்கு உடம்பு சரியில்லங்க" என்று நான் வாயெடுப்பதற்குள் என் மகள் போய்விட்டாள்.

ஏன் போனாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. செருப்பை உதறிவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். முதலில் கயிறுதான் அவளை இழுத்தது. கொஞ்ச நேரத்தில் குதிகாலை மணலில் ஊன்றப் பழகிவிட்டாள். பின்பக்கமாக நடந்து கடைசிக்கு வந்தாள், கயிற்றை விட்டாள், ஓடினாள். ஓடினாள்! சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போன பிள்ளை, புர்கா முழங்கால்வரை நனைய, அலைக்குள் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள். முகம் சிவந்து மூச்சு வாங்கியது. மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது. யா அல்லாஹ், இந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு பலத்தை எங்கே வைத்திருந்தாய்? வாயைப் பிளந்து நின்றேன். சூரியன் கிளம்பியதைக்கூட நான் பார்க்கவில்லை.

வலையின் மடி கரையேறியது. உள்ளே நெத்திலியும் காரப்பொடி மீனும் துள்ளின. அந்தப் பெண் இரண்டு கையாலும் அள்ளி ஒரு பையில் போட்டு நீட்டினார். சும்மா கொடுப்பதை வாங்கக் கூடாது என்பது நான் வளர்ந்த வளர்ப்பு. "வேணாங்க, வீட்ல மீன் இருக்கு" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"சும்மாவா குடுக்குறோம்? கயித்தப் புடிச்ச கைக்குப் பங்கு உண்டு. வேணாங்கக் கூடாது, வலைக்கு ஆகாது."

"உம்மா, அது என்னோடது" என்றாள் என் மகள்.

பையை அவளே வாங்கிக்கொண்டாள். கயிறு உரசி உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடந்தன. எதையாவது தன்னுடையது என்று அவள் சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது! வீட்டுக்கு வந்து நெத்திலியை அவளே ஆய்ந்தாள். பொரிக்கப் பொரிக்கச் சட்டியோரம் நின்றே தின்றாள். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. மறுநாள் அவள் எழவே இல்லை. மருத்துவரிடம் போய்ப் பேசுவது இன்னும் தொடர்கிறது. "எல்லாப் பிள்ளைக்கும் இது ஒரே மாதிரி வேலை செய்யாதும்மா, ஆனா ஒடம்பு அசைஞ்சா மனசுக்கும் கொஞ்சம் வழி கெடைக்கும்" என்றார் அவர். வலை போட்ட நாளில் கயிறு பிடித்தாள். போடாத நாளில் நடந்தாள், அப்புறம் ஓடினாள். நான்தான் இப்போது பின்னால் வருகிறேன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள், சுபுஹு பாங்குக்கு முன்னாலேயே எனக்கு விழிப்பு வந்தது. அவள் கட்டில் காலியாக இருந்தது. கூடத்துக்கு ஓடினேன். ஷூவை மாட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன உம்மா இது" என்று அலுத்துக்கொண்டாள். "இன்னுமா விடியல?"