தனியாகச் சொன்னது போதும்

இன்று எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் பொலிஸ் கூட்டம். புதிய பொறுப்பதிகாரி பேசினார்.

"கசிப்பு, கள்ளச் சாராயம் விக்கிறவையைப் பற்றி எங்களை நம்பிச் சொல்லுங்கோ. உங்கட பேர் வெளியில வராது."

பிள்ளையாரை நினைத்துக்கொண்டு எழும்பினேன்.

"ஐயா, போன மாதம் உங்கட ஸ்டேசனுக்குப் போன் பண்ணி, எங்கட ஒழுங்கையில கசிப்பு விக்கிற ஆளைச் சொன்னனான். உங்கட ஜீப் வரேல்லை. அண்டைக்குப் பின்னேரமே அந்த ஆள்தான் என்ர வீட்டுப் படலைக்கு வந்தவர். 'அக்கா, உங்கட மகள் ரியூசன் முடிஞ்சு இருட்டினாப்பிறகுதானே வாறவா' எண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டவர்."

பக்கத்தில் இருந்த மச்சாள் என் சேலையைப் பிடித்து இழுத்தா. "பேசாம இரும், உமக்கேன் இந்த வில்லங்கம்?"

அதிகாரியின் குரல் தணிந்தது. "அம்மா, இதைக் கூட்டம் முடியத் தனியாச் சொல்லியிருக்கலாமே."

"தனியாச் சொன்னதாலதான் ஐயா, அந்த ஆளுக்கு மட்டும் தெரிஞ்சது. இண்டைக்கு ஊருக்கே தெரியட்டும்."

அந்த ஆளின் பேரை உரத்துச் சொன்னேன். கூடவே என் பேரையும் சொன்னேன். அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டார்.

இப்போது வீட்டு வாசலில் கதிரை போட்டு, படலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். மகள் பக்கத்தில் படிக்கிறாள்.

இந்த முறை முதலில் வருவது ஜீப்பா, அந்த ஆளா? உங்கள் ஊரில் என்றால் யார் வருவார்கள்?