கிளாரன்ஸுக்கு ஒரு மணி

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் தம்மபாலனுக்கு இருந்த ஒரே துணை ஓர் எலி. எலிதானே என்று சிரிக்க வேண்டாம். மனைவி கண்ணை மூடிவிட்ட வீட்டில், சோற்றில் பங்கு கேட்க வேறு யார் இருந்தார்கள்? கிளாரன்ஸ் என்று பெயரும் வைத்திருந்தார்.

அசல் கிளாரன்ஸ், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற கூண்டின் இயந்திரத்தை மேலே ஓட்டியவர். கீழே சுரங்கத்திலிருந்து மணி அடித்தவர் தம்மபாலன். ஒன்று என்றால் நில்லு, இரண்டு என்றால் இறங்கு. பதினாறு வருடம் இருவரும் மணியில்தான் பேசிக்கொண்டார்கள். பிறகு கிளாரன்ஸ் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். வெடிச் சத்தத்தில் காது மந்தமான தம்மபாலனை, லைன் லைனாக எலிக்கு விஷம் வைக்கப் போட்டார்கள். எட்டி விதைச் சத்து கலந்த மாவு.

அது எப்படிக் கொல்கிறது என்று சொன்னவள் பக்கத்து வீட்டு லீலா. பெங்களூரில் எலி மூளையைப் படிக்கிறவள்.

"நரம்புல 'ஓடு'ன்னும் சேதி வரும், 'நில்லு'ன்னும் வரும் மாமா. நில்லுங்கறதை வாங்கிக்கத் தனியா பூட்டு இருக்குது. மூளையில முக்கால்வாசி ஒரு வகை, முதுகுத்தண்டுல இன்னொரு வகை. எட்டி அந்த முதுகுத்தண்டுப் பூட்டுல போய் உக்காந்துக்கும்."

"அப்போ நான் ஒரு மணி அடிச்சாலும் மேல கேக்காது."

"அதேதான். சின்னச் சத்தம் போதும், உடம்பு வில்லா வளைஞ்சிடும். சத்தமே இல்லாட்டி பொழைச்சாலும் பொழைக்கும்."

ஒரு சனிக்கிழமை விஷ டப்பாவைச் சரியாக மூடாமல் முகம் கழுவப் போனார். திரும்பி வந்தால், மீசையில் மாவோடு கிளாரன்ஸ் கால் விறைத்து நடக்கிறது.

அதன்மேல் கூடையைக் கவிழ்த்தார். மேலே கம்பளியைப் போர்த்தினார். மூச்சைக்கூட அடக்கி உட்கார்ந்தார்.

எதிர் வீட்டுப் பார்வதம்மாவின் குரல் மந்தக் காதிலும் விழும். "இன்னா தம்மபாலா, கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன், வாங்கிக்க."

அவர் வாய் திறக்கவில்லை.

"வாயில இன்னா கொழுக்கட்டையா? இனிமே கூப்பிட்டா ஏன்னு கேளு."

அவள் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் ஷிப்டு சங்கு ஊதியது. குனிந்து கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கூடைக்குள் ஓர் உதறல். பிறகு ஒன்றுமில்லை.

விடிந்ததும் கூடையைத் தூக்கினார். கிளாரன்ஸ் நான்கு காலில் தள்ளாடிச் சாக்கடைத் துளைப் பக்கம் போனது. சோற்றுத் தட்டில் விரலால் ஒரே ஒரு தட்டு தட்டினார்.

எலி நின்றது. காது மட்டும் திரும்பியது.

டப்பா இந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும், வேலை அப்படி. தம்மபாலன் அதை இறுக மூடிவிட்டு, இரண்டு தட்டினார்.

கிளாரன்ஸ் இறங்கிப் போனது.