அத்தைக்காக எடுத்த பொட்டலம்

என் அத்தை எட்டு வருடமாக ஒரு திசையைத் தேடிக்கொண்டிருந்தாள். முன் பின், இடம் வலம், மேல் கீழ் என்று நமக்குத் தெரிந்த மூன்று போக்குகளுக்கு அப்பால் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ ஒன்று மறைந்திருக்கிறதா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அப்பாவின் ஒரே தங்கை. மதுக்கரையில் எங்கள் வீட்டில் இருந்தபடி, தினமும் இரண்டு பஸ் மாறிப் பல்கலைக்கழகம் போய்வந்தாள். காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தைச் சேர்த்தாலே அந்த எட்டில் ஒரு வருடம் தேறும் என்பாள் அம்மா.

கல்யாண வீடுகளில் அத்தையைச் சும்மா விடமாட்டார்கள். "ஏனம்மணி, இன்னும் படிச்சுட்டுத்தான் இருக்கறயா? அப்படி என்னதான் படிக்கறே?" என்று யாராவது பிடித்துக்கொள்வார்கள். அத்தை முந்தானை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நீட்டிப் பிடிப்பாள். தள்ளி நின்று பார்த்தால் இது வெறும் கோடு, போகலாம், வரலாம், அவ்வளவுதான். கிட்டத்தில் பார்த்தால் பஞ்சு இழை நூலைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. அந்தச் சுற்றும் ஒரு வழிதான். அதுபோல நாம் இருக்கும் இடத்திலும் கண்ணுக்கு எட்டாத அளவில் சுருண்டுகொண்ட வழிகள் இருக்கலாம் என்பாள். மில்லில் வேலை பார்த்த சொந்தக்காரர்களுக்கு நூல் உடனே புரிந்துவிடும். "செரி, அது இருக்குதா இல்லியா?" என்பார்கள். "தெரியலீங்க" என்பாள் அத்தை. அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அவளுடைய நல்ல சேலைகள் எல்லாம் முந்தானையில் பிசிறு விட்டுக் கிடந்தன.

வீட்டில் அதை முழுதாக நம்பியவள் நான் ஒருத்திதான். அப்போது எனக்குப் பத்து வயது. அத்தையின் அறையில்தான் படுப்பேன். வெளிநாட்டில் பூமிக்கடியில் ஒரு பெரிய மிஷின் இருந்தது. அதில் துகள்களை மோதவிட்டு, மோதிய பின் கொஞ்சம் ஆற்றல் காணாமல் போகிறதா என்று பார்த்தார்கள். போனால் அது மறைந்திருக்கும் திசைக்குள் நழுவியிருக்கலாம். ஆனால் அப்படி ஒன்றும் காணாமல் போகவில்லை. எங்கள் வீட்டில் சீப்பும் ரப்பரும் ஒற்றை சாக்ஸும் தினம் காணாமல் போய்க்கொண்டிருக்க, அங்கே மட்டும் எல்லாம் பத்திரமாக இருந்தது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

அந்த வருடம்தான் பவானியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதே பள்ளியில் அத்தைக்கும் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். கல்யாணம் என்றால் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டுப் போக வேண்டும். அப்பா கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனார். அத்தை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் இப்படி முட்டிக்கொண்டு நின்றால் இருக்கவே இருக்கிறது பூ கேட்பது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் கேட்ட காரியத்துக்கு உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை.

இயற்பியல் படித்தவள் சண்டைக்கு வருவாள் என்று அப்பா பயந்துகொண்டேதான் சொன்னார். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"கேட்டுப் பாத்துரலாங்ணா. எட்டு வருசமா மிஷினைக் கேட்டாச்சு. சாமியாவது எதாச்சும் சொல்லுதான்னு பாக்கலாம்."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். பொட்டலம் எடுக்கும் குழந்தை நான்தான். வாசலிலிருந்த அரளிச் செடிகளில் பூப் பறித்து வரவும் என்னையே அனுப்பினார்கள். அங்கேதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. வெள்ளையைக் காம்பில்லாமல் கிள்ளினேன். சிவப்பை அரை விரல் காம்போடு ஒடித்தேன். பூசாரி காகிதத்தில் வைத்து மடித்து, இரண்டையும் குலுக்கிப் போட்டார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சாமியை வேண்டுகிற மாதிரி உதட்டையும் அசைத்துக்கொண்டு கையை நீட்டினேன். ஒன்று மெத்தென்றிருந்தது. மற்றதில் காம்பு உறுத்தியது. உறுத்தியதை எடுத்தேன்.

பூசாரி பிரித்தார். சிவப்பு.

"செரி, உடு அம்மணி. சாமியே உன்னையப் படிக்கச் சொல்லிப்போட்டுது" என்றார் அப்பா. அத்தை என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். "கண்ணு கையில வந்தா செரியாத்தான் இருக்கும்" என்றாள். பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உலகத்திலேயே பெரிய கண்டுபிடிப்பைக் காப்பாற்றியவள் அல்லவா?

அதன் பிறகு மிஷினின் சக்தியைக் கூட்டினார்கள். அப்போதும் ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாதாம். அப்படிப்பட்ட திசை இருந்தால், இதுவரை தேடிய அளவைவிட இன்னும் சின்னதாக இருக்க வேண்டும் என்றுதான் அர்த்தமாம். அத்தை எழுதிய கட்டுரைகள் எல்லாம் சுற்றி வளைத்து இதையேதான் சொல்லின. பட்டம் வாங்கினாள். ஊர் ஊராகத் தற்காலிக வேலை பார்த்தாள். கணக்கு வாத்தியாருக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அத்தைக்கு அதன் பிறகு எந்த வரனும் கூடிவரவில்லை. இப்போது ஒரு கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். மாலையில் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். அந்த நேரத்தில் அவளைப் பார்க்க என்னால் முடிவதில்லை. காம்பு விஷயத்தை இதுவரை சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்று கோயிலிலிருந்து வீடு திரும்பியதும் அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஆடாமப் புடிச்சுக்க கண்ணு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள். பரணில், பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் ஒரு மூட்டை இருந்தது. பழைய போர்வையில் இறுக்கிக் கட்டியிருந்தாள். அவளுடைய ஆராய்ச்சி நோட்டுகளும் காகிதங்களும் மொத்தமும் அதற்குள் இருந்தன. முந்தின நாள் வரை மேஜைமேல் கிடந்தவை, கோயிலுக்குக் கிளம்பும் முன்பே பரணுக்குப் போயிருந்தன. அதைத் தொட்டபடி வெகுநேரம் அப்படியே நின்றாள். மூட்டை கனமாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, நான் ஸ்டூலை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.