இருபத்திரண்டு வருஷம் தள்ளிப்போன ஆட்டம்

எர்சிலியாவுக்கு டாங்கோ நன்றாக ஆட வரும், ஆடத்தான் வாய்க்கவில்லை. புவனோஸ் அயர்ஸில் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள், பந்தோனியன் வாசிக்கிறவனைக் கட்டிக்கொண்டால் இதுதான் கதி. வாரம் தவறாமல் நடன அரங்குக்குப் போவாள். மேடையில் அவள் புருஷன் லியாந்த்ரோ அந்தத் துருத்திப் பெட்டியை மடியில் வைத்து இழுத்து, பொத்தான்களை அழுத்தி வாசிப்பான். இவள் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். அங்கே ஆண்கள் வாயால் கேட்க மாட்டார்கள். கண்ணைப் பார்த்துத் தலையசைத்துத்தான் ஆட அழைப்பார்கள். கலைஞனின் பெண்டாட்டி என்ற மரியாதையில் ஒருவன் கண்ணும் இவள் பக்கம் திரும்பாது. பாழாய்ப்போன மரியாதை!

"ஒரே ஒரு நாள் என்கூட ஆடுய்யா."

"நான் எறங்கி வந்துட்டா எவன் வாசிப்பான்? உங்கப்பனா?"

"எங்கப்பா வாசிச்சா ஊரே ஓடிடும். நீ வா."

"இந்த வருஷக் கார்னிவல் திருவிழா முடியட்டும், எர்சி."

இருபத்திரண்டு கார்னிவல் முடிந்தது. இளசுகள் ராக் அண்ட் ரோல் பக்கம் சாய்ந்தார்கள். அரங்குக்காரர்கள் குழுக்களை அனுப்பிவிட்டு இசைத்தட்டு போட ஆரம்பித்தார்கள். லியாந்த்ரோவின் குழு கலைந்தது. அவன் தோல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் முகத்தைப் பார்க்கப் பார்க்க எர்சிலியாவுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் இனி மேடை இல்லை, தன்னோடு ஆட வருவான் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் பேட்டை கிளப்புக்குப் போனார்கள். தன் பச்சைக் கவுனை மூன்று தடவை தேய்த்து உடுத்தியிருந்தாள். லியாந்த்ரோ எதிர்ச் சுவரோரம் போய் நின்று, முறைப்படி அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு பாட்டுக்கு நன்றாகவே ஆடினான். மூன்றாவதாக அவன் குழுவே பதிவு செய்த தட்டைப் போட்டார்கள். அவள் முதுகில் இருந்த அவன் விரல்கள் ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கின. அவன் தனியாக வாசித்த இடம் வந்ததும் கால் நின்றே போனது. நட்டநடுத் தளத்தில், கண்ணை மூடிக்கொண்டு, அவள் முதுகில் வேகவேகமாக வாசித்துக்கொண்டிருந்தான்.

பின்னால் வந்த ஜோடிகள் ஒன்றன் மேல் ஒன்று இடித்துக்கொண்டன. சுற்றி வரும் வரிசையை மறிப்பதைவிடப் பெரிய அநாகரிகம் அங்கே கிடையாது.

"ஆட வந்தீங்களா, நிக்க வந்தீங்களா?" என்று ஒரு தடியன் கத்தினான்.

எர்சிலியாவுக்கு அழுகை முட்டியது. இத்தனை வருஷம் காத்துக் கிடந்த ஆட்டம் இது. கட்டிப்பிடித்திருப்பவனோ அவளோடு இல்லை. உலுக்கியிருக்கலாம். உலுக்கவில்லை, முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக் கொடுத்தாள்.

"சுத்திப் போங்க," என்றாள். "அவர் வேலையில இருக்கார்."